‘பரவால்லீங்க’ என்னும் வியாதி

போன மாதம் ரத்த அழுத்தம் பார்ப்பதற்காக என் பழைய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நான் வேலை பார்த்த வார்டுச் சுவரில் புதிதாக ஓர் அட்டை ஒட்டியிருந்தார்கள். வரிசையாக முகப் படங்கள். முதல் முகம் பல் தெரியச் சிரிக்கிறது, கடைசி முகம் கண்ணீர் விட்டு அழுகிறது. எவ்வளவு வலி என்று வாயால் சொல்லத் தெரியாதவர்கள் விரலால் தொட்டுக் காட்டலாமாம். என்னிடம் வேலை பழகிய நர்ஸ் கவிதா அதைப் பெருமையாகக் காட்டினாள்.

“யாரு யாரு எந்த மொகத்தத் தொடுதாவ?” என்று கேட்டேன்.

அவள் முகம் தொங்கிப் போயிற்று. “எல்லாரும் சிரிக்கற மூஞ்சியவே தொடறாங்க சிஸ்டர். நேத்து கை ஒடிஞ்சு வந்தவரும் அதைத்தான் தொட்டாருங்க. இன்னொரு கையால.”

நான் சிரித்த சிரிப்பில் ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறி, மாத்திரையைக் கூட்டிக் கொடுத்துவிட்டார்கள். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் மல்லுக்கட்டிய வியாதிதான் இது. மருத்துவப் புத்தகத்தில் இல்லாத வியாதி. ‘பரவால்லீங்க’ என்று பெயர். பூங்கொடி கதையைக் கவிதாவிடம் சொன்னேன். “இதை எழுதி வையுங்க சிஸ்டர், புதுசா வர்ற புள்ளைகளுக்குப் படிச்சுக் காட்டறேன்” என்றாள். எழுதுகிறேன்.

நான் நாசரேத் பக்கத்துக்காரி. நாகர்கோவிலில் நர்சிங் படித்தேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படுக்கை விரித்தோம், திட்டு வாங்கினோம், மறுபடியும் படுக்கை விரித்தோம். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்ததால் நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். எங்கள் ஊரில் ஊசி போடுவதற்கு முன்னாலேயே “ஐயோ, என்னக் கொல்லுதாளே!” என்று தெருவைக் கூட்டிவிடுவார்கள். இங்கே ஊசி உள்ளே போய் வளைந்தாலும் “பரவால்லீங்க சிஸ்டர், நீங்க பாத்துப் போடுங்க” என்பார்கள். முதல் வாரம் இவர்களுக்கெல்லாம் உடம்பில் நரம்பே இல்லையோ என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, நரம்பு இருக்கிறது, அடுத்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று அது சும்மா இருக்கிறது.

எங்கள் பெரிய டாக்டரும் இந்த மண்ணின் ஆள்தான். ஒல்லியான மனிதர், பேச்சு குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி இருக்கும். அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் கூடாது, ‘ங்க’தான் கூடும். “ஏனுங்க சிஸ்டர், இந்தக் கட்டப் பிரிச்சவங்க கண்ண மூடிட்டுங்களா பிரிச்சாங்க?” என்றால் சாதாரணக் கோபம். ஓட்டைக் கையுறைகளை நல்ல கையுறை என்று விற்றுவிட்டுப் போன ஆளைக் கூப்பிட்டு, “நீங்கல்லாம் மனுசங்களாங்க?” என்று கேட்டார். அந்த ஆள் ஏதோ நலம் விசாரிக்கிறார் என்று எண்ணி, “ஆமாங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போனான். டாக்டர் வாயிலிருந்து ‘ங்க’ உதிர்கிற அன்றைக்கு ஆஸ்பத்திரியை இழுத்து மூட வேண்டியதுதான் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

பூங்கொடி எங்களிடம் வந்தது இரண்டாயிரத்துக்குப் பிறகான வருடங்களில். எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்டது. ஆனால் முகம் பார்த்துப் பேச வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் முன்னால்தான் போய் உட்கார வேண்டும். பொங்கலூர்க்காரப் பெண். அவிநாசிபாளையம் ரோட்டில் லாரி மோதி முதுகுத்தண்டு அடிபட்டதில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் போய்விட்டன. அதற்காக அவள் வீட்டில் முடங்கவில்லை. ஓர் ஏற்றுமதி கம்பெனியில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிற வேலை. டீசர்ட்டின் கழுத்து, கை, உடம்பு எல்லாவற்றுக்கும் அளவு வெட்டு வரைவது. காலையில் அவள் அம்மா சரசக்கா மகளை மொபெட்டின் பின்னால் உட்காரவைத்து, தன் இடுப்போடு துண்டால் கட்டிக் கம்பெனிக்குக் கொண்டுவந்து இறக்குவார். போலீஸ்காரர்கூட அந்த வண்டியைப் பார்த்தால் வழி விடுவார்.

ஒரு ஷிப்மெண்ட் அவசரத்தில் நாள் முழுக்க நாற்காலியை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கிறாள். உணர்ச்சியில்லாத உடம்பு ஒரே இடத்தில் அழுந்தினால் தோல் செத்துப்போகும். காய்ச்சல் வந்திருக்கிறது, “பரவால்லீங்க.” நாற்காலித் துணியில் ஈரம் ஊறியிருக்கிறது, “ஒண்ணுமில்லீங்க.” சரசக்காதான் வாடையைக் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

குப்புறப் படுக்கவைத்துப் பார்த்தோம். உட்காரும் எலும்புக்கு மேலே வெளியில் சின்னத் துளைதான். ஆனால் உள்ளே என் விரல் போய் எலும்பைத் தொட்டது. டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு அவள் தலைமாட்டுக்கு வந்தார்.

“ஏனுங்க அம்முணி, இது எப்பத்திலிருந்துங்க இருக்குதுங்க?”

“தெரியலீங்க டாக்டர். எல்லாரும் வேலையா இருந்தாங்க. எதுக்குங்க தொந்தரவுன்னு...”

காய்ச்சலில் உதடு வெடித்துக் கிடந்தவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். கவிதா சுவரில் ஒட்டியிருக்கிறாளே அந்த முதல் முகம், அச்சு அசல் அதுதான்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் கட்டுப் பிரிப்பது என் வேலை. பழைய துணியை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. உப்புநீர் விட்டு ஊறவைத்து, அது தானாக வழிவிடும்போது எடுக்க வேண்டும். செத்த சதை சாம்பல் நிறத்தில் நாராக இருக்கும், அதைக் கத்தரித்து எடுக்க வேண்டும். கழுவி, பள்ளத்தின் மூலை முடுக்கெல்லாம் ஈரத்துணியை நிறைக்க வேண்டும். அடைக்கவும் கூடாது, இடைவெளி விடவும் கூடாது. டாக்டர் பக்கத்தில் நின்று, “உங்க ஊட்டுத் தலையணைக்குப் பஞ்சு வைக்கற மாதிரி வையுங்க சிஸ்டர்” என்பார். ஒருநாள் பள்ளத்தின் அடியில் சிவப்பாக, குருணை குருணையாகப் புதுச் சதை துளிர்த்ததைப் பார்த்து நான் அல்லேலூயா சொல்லிவிட்டேன். அப்புறம் ஆபரேஷன் செய்து பக்கத்துச் சதையைத் திருப்பி மூடினார்கள். பிழைத்துக்கொண்டாள்.

அவள் எழுந்து உட்கார ஆரம்பித்த சமயத்தில்தான் ஹாலந்திலிருந்து அந்த அம்மா வந்தார். பூங்கொடியின் கம்பெனியில் துணி வாங்குகிறவர். சாம்பிள் பார்க்க வந்த இடத்தில் பேட்டர்ன் போட்ட பெண் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் பழத்தோடு வந்துவிட்டார். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் கழுத்துப்பட்டியைப் பற்றியே பேசினார்கள். போகும்போது, எங்கள் ஊர் ஆபீசுக்கே வேலைக்கு வந்துவிடேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

“சிஸ்டர், அங்க என்ற சக்கர நாற்காலி அப்படியே பஸ்ல ஏறுமுங்களாம்! பஸ்ஸே குனிஞ்சு குடுக்குமுங்களாம்! யாரும் என்னைத் தூக்க வேண்டியதில்லீங்க. நானாப் போயி நானா வரலாமுங்க!”

பூங்கொடியின் கண்ணைப் பார்க்க வேண்டுமே. நானும் சேர்ந்து குதித்தேன். விசா, டிக்கெட் எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும். அங்கே மருத்துவக் காப்பீடு கொடுப்பவர்கள் ‘உனக்கு ஏற்கெனவே வியாதி இருக்கிறது, போ’ என்று சொல்லக் கூடாது எனச் சட்டமே உண்டாம். ஒன்றே ஒன்றுதான். அவளுக்கு ஆயுசு முழுக்க வைத்தியம் தேவை. மூத்திரத்தைக் குழாய் விட்டு எடுக்க வேண்டும், தோலைப் பார்க்க வேண்டும், அடிக்கடி வருகிற தொற்றுக்கு உடனே மருந்து வேண்டும். அங்கே ஒரு டாக்டர் அவளை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு எங்கள் டாக்டர் கடிதம் எழுத வேண்டும்.

டாக்டர் பேனாவைத் திறக்கவில்லை.

“எழுத மாட்டனுங்க சிஸ்டர். இங்க இந்தப் பொண்ணு வாயத் தொறக்காட்டியும் அம்மா மோந்து பாத்துக் கண்டுபுடிச்சாங்க. அங்க யாருங்க மோந்து பாப்பாங்க? தனியா ஒரு ஊட்டுல காய்ச்சலோட படுத்துக்கிட்டு, ‘பரவால்லீங்க, பரவால்லீங்க’ன்னே செத்துப்போயிருமுங்க. ‘எனக்கு நல்லா இல்லை’ன்னு அது வாயால சொல்லட்டுமுங்க. அன்னிக்கு எழுதறனுங்க.”

பூங்கொடி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். “அழுதியா?” என்று கேட்டேன். “இல்லீங்க சிஸ்டர், நல்லா இருக்கறனுங்க” என்றாள். எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்!

“ஏட்டி, திரும்பு இங்க. வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும். நாளையிலிருந்து ஒனக்கு வாய்க்கு வைத்தியம்!”

எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு ஏட்டிக்குப் போட்டி பேசச் சொல்லித்தர வேண்டிய அவசியம் கிடையாது. அது தாய்ப்பாலோடு வருகிறது. இங்கே பாடம் நடத்த வேண்டியதாயிற்று. வார்டில் எல்லாரிடமும் சொல்லிவைத்தேன்: யார் போனாலும் பூங்கொடியை “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்க வேண்டும். அவள் “நல்லா இருக்கறனுங்க” என்று சொல்லிவிட்டால் தண்டனையாக யாரிடமாவது எதையாவது அதட்டிக் கேட்க வேண்டும்.

முதல் தண்டனையிலேயே மானம் போயிற்று. கேண்டீன் மாஸ்டரிடம் “டீ ஆறிப்போச்சு, வேற கொண்டாங்க” என்று சொல்ல வேண்டும். அவள் சொன்னது: “டீ நல்லா இருந்துச்சுங்க. ஆறினதுனால இன்னும் நல்லா இருந்துச்சுங்க. உங்களுக்குச் சிரமம் இல்லீன்னா...” மாஸ்டர் புகழ்ச்சியில் மயங்கித் தினமும் ஆறிய டீயையே கொண்டுவர ஆரம்பித்தார்.

சரி, இங்கிலீஷில் ‘ங்க’ கிடையாதே, அதில் பழக்கலாம் என்று பார்த்தேன். நான் ஹாலந்து நர்ஸ், அவள் நோயாளி. வலிக்கிறதா என்று இங்கிலீஷில் கேட்டேன். “ஸாரி ஸாரி, ஸ்மால் பெயின் ஒன்லி, ப்ளீஸ், தேங்க்யூ, ஸாரி.” யேசப்பா! ‘ங்க’வை மொத்தமாக மூட்டைகட்டி இங்கிலீஷுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டாள்.

பாடம் அவளுக்கு ஏறவில்லையே தவிர, மற்ற எல்லாருக்கும் ஏறிவிட்டது. அதுதான் வேடிக்கை. மறு திங்கட்கிழமை டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். ஜன்னலோரம் குடல் ஆபரேஷன் ஆன கவுண்டர் ஒருவர் படுத்திருந்தார். தூரத்தில் குரல் கேட்டாலே எழுந்து கும்பிடுகிற மனிதர். டாக்டர் வழக்கம்போல, “நல்லா இருக்கீங்களாங்க?” என்றார்.

“நல்லா இல்லீங்க” என்றார் கவுண்டர் கணீரென்று. “உப்புமா வாய்ல வைக்க முடியலீங்க. ஃபேன் கத்துதுங்க. நீங்க பாக்கவர்றதுக்கு நேரமாக்கறீங்க.”

அடுத்த கட்டிலில், “எனக்குந்தானுங்க!” அதற்கடுத்த கட்டிலில், “மெத்த குத்துதுங்க!” கொஞ்ச நேரத்தில் வார்டு முழுக்க “இல்லீங்க, இல்லீங்க” என்று தவளைக் கச்சேரி. டாக்டர் அப்படியே நின்றுவிட்டார். “ஏனுங்க சிஸ்டர், எல்லாருக்குங்களா ஒரே நாள்ல முடியாமப் போச்சு?” நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் ஓடினேன்.

அந்தக் களேபரத்திலும் ஒரே ஒரு குரல் சாந்தமாகக் கேட்டது. “நான் நல்லா இருக்கறனுங்க டாக்டர்.” பூங்கொடி!

டாக்டர் என்னைப் பார்த்தார். ஹாலந்து கை நழுவிப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வழி பிறந்தது அடுத்த நாள்தான், அதுவும் தற்செயலாக. கம்பெனியிலிருந்து ஒரு ஆள் சாம்பிள் டீசர்ட்டைக் கொண்டுவந்து அவள் கட்டிலில் வைத்துவிட்டு, “பார்ட்டி அவசரப்படறாங்க, ஓகே சொல்லிருங்க மேடம்” என்றான். பூங்கொடி டேப்பை எடுத்தாள். கழுத்தை இழுத்துப் பார்த்தாள், உட்புறத்தைத் திருப்பினாள், தையலை நகத்தால் நீவினாள்.

“கழுத்துப்பட்டி லூஸ். இடது தோள் இறங்கியிருக்குது. இங்க ஒரு ஓட்டை. ரிஜெக்ட்.”

“கொஞ்சந்தானுங்களே மேடம்...”

“கொஞ்சமோ, நெறையவோ, ரிஜெக்ட்னா ரிஜெக்ட். எடுத்துட்டுப் போங்க.”

சிரிப்பில்லை, ஸாரி இல்லை, பரவாயில்லை என்ற பேச்சே இல்லை. கையிலிருந்த மருந்துத் தட்டை நான் கீழே வைத்துவிட்டேன். இந்த நாக்கா இத்தனை நாள் என்னை ஏமாற்றியது!

“ஏட்டி! ஒரு பனியனுக்காகச் சண்ட போடுதியே, இந்த ஒடம்பும் நீ ஓகே சொல்லவேண்டிய பீஸ்தானே? தெனமும் ஒரு சாம்பிள். நீதான் செக்கிங். இதுல ஓட்டை இருந்தா எவன்கிட்ட தாட்சண்யம் பாப்ப?”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு, பார்க்க முடியாதே, முதுகுப்பக்கம் அல்லவா இருக்கிறது என்றாள். அங்கே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த சரசக்கா எழுந்து வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் மொபெட்டின் பக்கக் கண்ணாடி, கம்பியோடு.

“அக்கா, அப்ப வண்டிக்கு?”

“எனக்குப் பொறகால பாக்கறதுக்கு என்னங்க சிஸ்டர் இருக்குது? முன்னாடி பாத்துப் போயிக்கறனுங்க.”

குடைக்கம்பியில் அந்தக் கண்ணாடியைக் கட்டினோம். மறுநாள் காலையில் பூங்கொடி ஒருக்களித்துப் படுத்து, கண்ணாடியைப் பின்னால் நீட்டித் தன் உடம்பைத் தானே செக்கிங் செய்தாள். குரல் பேட்டர்ன் மேடத்தின் குரல். “இடது குதிகால், சிவப்பு ஒண்ணு. அமுக்கினா வெளுக்க மாட்டேங்குது. மூத்திரம் கலங்கலா இருக்குது, நேத்துலயிருந்து. ரிஜெக்ட் சிஸ்டர்! டாக்டரைக் கூப்பிடுங்க. இப்பவே.”

‘இப்பவே’! நான் படி இறங்காமல் உருண்டே போயிருப்பேன். டாக்டர் வந்து, குதிகாலைப் பார்த்து, மூத்திரத்தைப் பரிசோதனைக்கு அனுப்பி, மருந்தையும் எழுதிவிட்டு, அதே பேனாவால் அங்கேயே கடிதத்தையும் எழுதினார்.

ஹாலந்து டாக்டர் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்றார். டாக்டர் அறையில் எல்லாரும் கூடிவிட்டோம். திரையில் படம் விட்டுவிட்டு வந்தது. நரைத்தாடி வைத்த மனிதர், சிரித்த முகம். “ஹலோ பூங்கோடி, ஹவ் ஆர் யூ?” என்றார்.

வெள்ளைக்காரர்களுக்கு அது வணக்கம் சொல்வது மாதிரி. பதிலுக்கு ‘ஃபைன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். அந்த ஒரு தடவை மட்டும் பொய் சொல்லலாம் என்று அவளுக்குச் சொல்லிவைக்க எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

“நாட் ஃபைன்” என்றாள் பூங்கொடி நிமிர்ந்து. “லெஃப்ட் ஹீல் ரெட், டுடே பெட்டர். யூரின் க்ளவுடி, ஆன் ட்ரீட்மெண்ட். ஓல்டு வூண்ட் க்ளோஸ்டு, செக்கிங் டெய்லி. யுவர் கேமரா ஆல்ஸோ நாட் குட், சார்.”

படம் உறைந்து நின்றது. கம்ப்யூட்டர் நின்றுவிட்டதா, அந்த மனிதர்தான் நின்றுவிட்டாரா என்று தெரியவில்லை. எங்கள் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஸ்பீக்கரிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், மேசை அதிர்ந்தது. இப்படி ஒரு நோயாளிக்காகத்தான் காத்திருக்கிறேன், உடனே அனுப்பிவையுங்கள் என்றார்.

கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு நானும் போனேன். பூங்கொடி மடியில் கண்ணாடிக் கம்பியை வைத்துக்கொண்டு சரசக்காவைக் கேட்டாள்: “அம்மா, நல்லா இருக்கறயா?”

“எனக்கென்ன சாமி, நல்லா இருக்கறேன்.”

“ரிஜெக்ட்” என்றாள் மகள்.

சரசக்கா அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டார். “நல்லா இல்லடா கண்ணு. நீ இல்லாத ஊட்டுல எனக்கு நல்லாவே இருக்காது. போயிட்டு வா.” மூன்று பேரும் அழுது சிரித்து, சிரித்து அழுது, பெட்டியைக் கிட்டத்தட்ட மறந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு போனில் வந்ததெல்லாம் நல்ல செய்திதான். வேலை நன்றாக இருக்கிறது, வீடு நன்றாக இருக்கிறது, பஸ் குனிகிறது. கேட்கக் கேட்க எனக்குப் பயம் அதிகமாயிற்று. எல்லாமே நன்றாக இருக்கிறது என்கிறாளே, மறுபடியும் அந்த வியாதி வந்துவிட்டதோ? சரசக்கா வாரச்சந்தைக்கு வரும்போதெல்லாம் வார்டுக்கு வந்து, “நெசமாலுமே நல்லா இருக்கறாளாங்க சிஸ்டர்?” என்று என் முகத்தையே பார்ப்பார். எனக்கு என்ன தெரியும்?

குளிர்காலம் வந்தது. ஒருநாள் ரவுண்ட்ஸ் நடக்கும்போது என் செல்போன் அடித்தது. டாக்டர் திரும்பிப் பார்த்தார். ஹாலந்து நம்பர் என்றதும் எடுங்க என்று சைகை காட்டினார். சரசக்காவும் அன்றைக்கு அங்கேதான் இருந்தார்.

“ஏட்டி, நல்லா இருக்கியா?”

“இல்லீங்க சிஸ்டர்! நல்லாவே இல்லீங்க!” என்னமாய்ச் சந்தோஷம் அந்தக் குரலில்! “குளிர்க்காய்ச்சல் வந்துச்சுங்க. கால் ரெண்டும் தானா வெறைச்சுக்கிச்சு. மூத்திரம் வாடை. ரிஜெக்ட்னு நானே டாக்டருக்குப் போன் பண்ணிட்டனுங்க. நாளைக்கு வந்து பாக்கறோம்னாங்க, இப்பவே வாங்கன்னுட்டன். ஆஸ்பத்திரில படுத்திருக்கறனுங்க, மருந்து ஏறுது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ரத்தத்துல கலந்திருக்கும்னு டாக்டர் சொன்னாருங்க. மெத்த சரியில்லீன்னு மாத்தச் சொல்லிட்டன். சூப்புல உப்பே இல்லீங்க, திருப்பி அனுப்பிட்டன்!”

நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வார்டுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினேன்: “பூங்கொடிக்கு ஒடம்பு சரியில்லையாம்! அவளே சொல்லிட்டா!”

டாக்டர் கையிலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். “சபாஷ். பொழைச்சுக்குவா” என்றார். ‘ங்க’ இல்லை. ஆஸ்பத்திரியை யாரும் இழுத்து மூடவில்லை.

சரசக்காவைத் தேடினால் ஆளைக் காணோம். கொஞ்ச நேரத்தில் எதிர்க் கடையிலிருந்து சுடச்சுட ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்து, கட்டில் கட்டிலாகக் கொடுக்க ஆரம்பித்தார். அன்றைக்குத்தான் சேர்ந்த ஒரு நோயாளியின் மனைவி ஜிலேபியைக் கையில் வாங்கிக்கொண்டு, “என்னங்க விசேஷம்?” என்று கேட்டார்.

“என்ற புள்ளைக்கு ஒடம்பு சரியில்லீங்க” என்றார் சரசக்கா, முகமெல்லாம் சிரிப்பாக. “ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. எடுத்துக்கங்க, இன்னொண்ணு எடுத்துக்கங்க.”